கெட்ட செய்தியைச் சொல்ல முடியாத ஆபீஸ்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி. ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். இவர் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலாளியேதான் டெக்னிக்கல் ஹெட். காலை ஸ்டாண்டப் கூட்டத்தில் பெயர் சொல்லி வைவார். ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டு, "இது எந்த அறிவாளி செஞ்ச வேல?" என்று கேட்பார். லீவு கேட்டால், "நான் கைதூக்கி விடலேன்னா நீ இன்னும் பேட்டையில ஒங்க அப்பா கடையிலதான் நின்னுருப்ப" என்பார். டிகிரி சர்டிபிகேட்டின் ஒரிஜினல் அவர் பீரோவில் இருக்கிறது. நான்கு வருஷம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வேலை வாங்கிக் கொடுத்தது சொந்தத் தாய்மாமா. "பொறுத்துக்கிடணுமா, சென்னைக்குப் போயிரணுமா, இல்ல எனக்குத்தான் வேல தெரியலையாக்கா?" என்பது கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேலை தெரியும். நீங்கள் எழுதியதிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. நீங்கள் அதைப் புகாராக எழுதியதால் உங்கள் கண்ணில் படவில்லை.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியது. 22-ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அமல். அதற்கு முன்பு 1000 ரூபாயைத் தாண்டிய சட்டைக்கு 12 சதவீதம் வரி. புது விகிதப்படி 2500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம். உங்கள் மென்பொருள் விகிதத்தை ஐட்டம் மாஸ்டர் என்ற பொருள் பட்டியலிலிருந்து எடுக்கிறது. மாஸ்டரில் 5 என்று மாற்றிவிட்டால் புது பில் எல்லாம் சரியாக வந்துவிடும். ஆனால் 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சட்டையை 24-ஆம் தேதி ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், கிரெடிட் நோட்டை, அதாவது திருப்பி வாங்கியதற்கான வரவுச் சீட்டை, அன்று விற்ற விகிதத்தில்தான் போட வேண்டும். மென்பொருளோ 5-இல் போடும். இதை நீங்கள் 18-ஆம் தேதியே பிடித்துவிட்டீர்கள். முதலாளியிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறீர்கள். அவர் சொன்ன பதில்: "எப்பப் பாத்தாலும் நெகட்டிவாவே பேசாத. சொன்ன சோலிய மட்டும் பாரு."

புதன்கிழமை டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் அதுவே நடந்தது. கடைக்காரர் போனில் கத்தினார். வியாழக்கிழமை காலை உங்களை எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்க வைத்து, "இவன் ஒருத்தனால கம்பெனி மானமே போச்சு" என்றார். நீங்கள் முன்கூட்டியே சொன்னதை நினைவுபடுத்தியபோது, "சொன்னேன்னு வாயால சொன்னாப் போதுமா? தெளிவா சொல்லணும்லா" என்று அதையும் உங்கள் தலையிலேயே கட்டினார். கடைக்காரருக்குக் கொடுத்த தள்ளுபடியைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்றும் மிரட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு உருப்படியோடும் அன்றைய வரி விகிதத்தைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, ரிட்டர்ன் வரும்போது பழைய பில் எண்ணை வைத்து அந்த விகிதத்தை எடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. 18-ஆம் தேதி அனுமதி கிடைத்திருந்தால் 22-க்குள் முடித்திருப்பீர்கள். சட்டம் மாறும்போது பழைய பில்லுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி பல சீனியர்களுக்கே வாய்ப்பதில்லை. வேலை தெரியாதவருக்கு அந்தக் கிரெடிட் நோட் கண்ணில் படாது.

இப்போது உங்கள் முதலாளி எப்படிப்பட்டவர் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். கண்டிப்பானவரையும் நச்சுத் தலைமையையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். நான் சென்னையில் வேலை பழகிய காலத்தில் ஒரு லீட் இருந்தார். நான் எழுதிய புரோகிராம் கோடை ஐந்து தடவை திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் எந்த வரி ஏன் தப்பு என்று எழுதியிருப்பார். ஆறாவது தடவை சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மென்பொருளில் சேர்த்துவிடுவார். அவரிடம் எல்லாருக்கும் பயம் உண்டு. ஆனாலும் ப்ரொடக்‌ஷனில் அதாவது கஸ்டமர் கையில் ஓடுகிற மென்பொருளில் ஏதாவது உடைந்தால் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். அதற்கப்புறம் வேறொரு கம்பெனியில் பார்த்த மேனேஜர் குரலையே உயர்த்த மாட்டார், சிரித்த முகம். ஆனால் அவரிடம் ஏதாவது உடைந்துவிட்டது என்று சொன்னவரின் பெயர் அடுத்த அப்ரைசலில் அடிபட்டுப் போகும். ரெண்டு பேர் அப்படி அடிபட்டதும் மொத்த டீமும் வாயை மூடிக்கொண்டது. அதனால் சத்தத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். கெட்ட செய்தியைக் கொண்டுபோகிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அந்த நர்சுகள் கூடுதலாகத் தப்பு செய்தார்கள் என்று அர்த்தம் இல்லை. தப்பை வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்சுக்குப் பயந்து மறைத்தார்கள். ரான் வெஸ்ட்ரம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நிறுவனங்களை மூன்று வகையாகப் பிரித்தார். அதில் நோய்பிடித்த வகைக்கு அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று, செய்தி கொண்டுவந்தவனையே தண்டிப்பது. விமானம், மருத்துவம் போன்ற துறைகளின் பாதுகாப்பைப் பார்த்து அவர் சொன்ன இந்தப் பிரிவைத்தான் பிற்பாடு டோரா என்ற மென்பொருள் ஆராய்ச்சித் திட்டத்தின் ஆய்வுகள் மென்பொருள் குழுக்களுக்கும் பொருத்திப் பார்த்தன. தகவல் தடையில்லாமல் ஓடுகிற குழுக்கள் மென்பொருளையும் நன்றாக வெளியிடுகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது.

நீங்கள் எழுதியதில் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் உறுத்தியது. "மத்தவங்க எல்லாம் சும்மாதான இருக்காங்க, ஒனக்கு மட்டும் என்ன பிரச்சின?" என்று முதலாளி கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தில் தபால் நிலையக் கணக்குக்கு 1999-இல் ஹொரைசன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. அதில் இருந்த பிழைகளால் கிளைத் தபால் நிலையங்களில் பணம் குறைவதாகக் கணக்கு காட்டியது. போன் போட்டுக் கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்பது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். மென்பொருளில் பிழை இருந்ததை 2019-இல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அத்தனை வருஷம் ஒவ்வொருவரும் நாம் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டு தனித்தனியாக அழிந்தார்கள். உங்கள் ஆபீஸ் அவ்வளவு பெரிய கதை இல்லை. ஆனால் "ஒனக்கு மட்டும்தான்" என்கிற வார்த்தை செய்கிற வேலை ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். மதியம் டீக்கடையில் வைத்துப் பக்கத்து சீட் தம்பியிடம் பையக் கேட்டுப் பாருங்கள். அவரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

நம்ம ஊரில் இது சென்னையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஐ.டி. வேலை திருநெல்வேலியில் சொற்பம். கங்கைகொண்டானில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ இருக்கிறது, அதைத் தாண்டினால் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், ஜங்ஷன் மாடிகளில் இயங்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள். நம்ம பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்களிலிருந்து வருஷா வருஷம் வெளியே வரும் பிள்ளைகளுக்கு இது எந்த மூலைக்கு? அதனால் உள்ளூரில் ஒரு சீட் கிடைத்ததே பெரிய அருள் மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை, அப்பா அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். முதலாளிக்கும் இது தெரியும். அதையெல்லாம் தானே கொடுத்தது போலச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார். அதற்கு மேல் சொந்தம். உங்கள் மாமா சொல்லி வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காருவார். நீங்கள் வேலையை விட்டால் அது ராஜினாமாவாக நிற்காது, குடும்பத்துக்குள்ளே மனத்தாங்கலாகப் போகும். உங்கள் அப்பா, "ஏலே, அவாள் வஞ்சா வஞ்சுட்டுப் போறாவ, சம்பளம் ஒண்ணாந்தேதி வருதுல்லா" என்று சொன்னதும் இதனால்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடை வைத்துப் பிழைத்த மனுஷருக்கு மாசச் சம்பளத்தின் அருமை தெரியும்.

ஆனால் இதில் ஒரு கணக்கை நீங்கள் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வேலை கொடுத்ததற்கு நன்றி உண்டு. அந்த நன்றியை மூன்று வருஷம் ஒழுங்காக வேலை செய்து கழித்துவிட்டீர்கள். 5 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதியும் பில்) கட்டாயம் ஆனதே, அந்த இணைப்பை உங்கள் கம்பெனியில் ஒற்றை ஆளாக எழுதியது நீங்கள்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் எத்தனை கடைகள் அவரை விட்டுப் போயிருக்கும்? அவர் உங்களுக்குச் செய்ததும், நீங்கள் அவருக்குச் செய்ததும் என்றைக்கோ நேர் ஆகிவிட்டது. இதைத் தாண்டி அவர் கேட்பது உங்கள் தூக்கத்தையும் தன்மானத்தையும். அது எந்த ஆஃபர் லெட்டரிலும் இல்லை.

அவரைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். முயற்சி செய்யாதீர்கள். மேலே ஒரு டைரக்டரோ, வெளியே முதலீட்டாளரோ இருந்தால் கொஞ்சம் வழி உண்டு. முதலாளியே மேனேஜராகவும் இருக்கிற இடத்தில் அவர் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. அவர் மாறினால் கஸ்டமர் கைவிட்டுப் போகிற அடியில்தான் மாறுவார். அதுவரை உங்கள் வயது காத்திருக்காது. ஆகவே கிளம்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நாளைக்கே கிளம்ப வேண்டாம். ஆத்திரத்தில் லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு வந்தால் அவருக்குத்தான் வசதி.

கிளம்புகிற வரைக்கும் செய்ய வேண்டிய முதல் வேலை, வாய்ச்சொல்லை எழுத்தாக்குவது. அவர் ஏதாவது வாயால் உத்தரவு போட்டால், சீட்டுக்கு வந்த பத்து நிமிஷத்துக்குள் ஒரு மெயில் போடுங்கள். இந்த மாதிரி: "சார், இன்று காலை பேசியபடி ரிட்டர்ன் மாட்யூலில் இப்போது மாற்றம் செய்யவில்லை. 22-ஆம் தேதிக்கு முந்தைய பில்களுக்கு கிரெடிட் நோட் தவறான விகிதத்தில் வர வாய்ப்பு இருக்கிறது. மாற்றம் தேவை என்றால் ஒரு நாளில் முடித்துத் தருகிறேன்." குற்றச்சாட்டும் வேண்டாம், ரோஷமும் வேண்டாம். என்ன முடிவு, என்ன ஆபத்து, என்ன மாற்று வழி, அவ்வளவுதான். பதில் வராவிட்டாலும் அந்த மெயில் இருக்கிறது. செப்டம்பரில் இப்படி ஒரு மெயில் இருந்திருந்தால், தெளிவாகச் சொல்லவில்லை என்று அவர் வாய் திறந்திருக்க முடியாது. இதை நீங்கள் செய்யாததைக் குறையாகச் சொல்லவில்லை. யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டில் ஒரு நோட்டு வைத்துத் தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் பத்தாது. அந்த சாட்டையே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், செய்தி வந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் தேவை. மூலம் கையில் இருந்தால் அது சுலபம். அதோடு ஒரு எச்சரிக்கையும். கம்பெனி கோடையோ கஸ்டமர் டேட்டாவையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆதாரம் சேர்க்கிறோம் என்று நினைத்து அதைச் செய்தால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும்.

சம்பளத்தில் பிடிப்பேன் என்ற மிரட்டலைப் பற்றி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பின்படி முதலாளி நினைத்த காரணத்துக்கெல்லாம் பிடித்தம் செய்ய முடியாது. நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டும் என்றால் அது உங்கள் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு கொடுத்திருக்கவும் வேண்டும். முன்கூட்டியே எச்சரித்தவரின் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வார்? வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அவரே உங்களை அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். விசிட்டிங் கார்டில் டீம் லீட் என்று போட்டிருப்பதால் உரிமை போய்விடாது. நீங்கள் பார்க்கிற வேலை என்ன என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

பாண்ட் விஷயத்தில் நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அது வெறும் பேப்பர் என்று பலர் சொல்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதில் பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் முறையையும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் கம்பெனி என்ன பயிற்சி கொடுத்தது, எவ்வளவு செலவழித்தது என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். அதற்கும் அவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பாண்டை முறித்தாய் என்று போலீஸில் பிடித்துக் கொடுக்கிற விவகாரம் அது இல்லை. வேலையை விட்ட பிறகு இன்ன கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. மீதி ஒரு வருஷத்துக்கு அவர் எவ்வளவு கேட்கலாம் என்பதை ஒரு வக்கீலிடம் பாண்டைக் காட்டிக் கேளுங்கள். ஃபீஸுக்கு யோசனையாக இருந்தால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

சர்டிபிகேட்டைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. நாலு வருஷம் படித்து வாங்கியதை இன்னொருவர் பீரோவில் வைத்துப் பூட்டுவதை இங்கே எத்தனையோ கம்பெனிகள் வழக்கமாகவே வைத்திருக்கின்றன. பிள்ளைகளும் எல்லாரும் கொடுக்காங்களே என்று கொடுத்துவிடுகிறார்கள். படிப்புச் சான்றிதழ் அடகு வைக்கிற பண்டம் இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறது. ராஜினாமாவுக்கு முன்பே மெயிலில் கேளுங்கள். "என் ஒரிஜினல் டிகிரி சான்றிதழ் இன்ன தேதியில் உங்களிடம் கொடுத்தேன், திருப்பித் தாருங்கள்" என்று ரெண்டே வரி. அவர் தராவிட்டாலும், அது அவரிடம் இருக்கிறது என்பதற்கு எழுத்து கிடைத்துவிடும். அடுத்தது வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் அந்த இடத்திலேயே கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் டீமில் இருக்கும் பெண் பிள்ளையிடம் அவர் இரட்டை அர்த்தத்தில் பேசுவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை மற்ற வசவுகளோடு சேர்க்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள எந்த நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்குத் தலைவராக ஒரு பெண் இருக்க வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால் கலெக்டர் அமைக்கும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். முடிவு அந்தப் பிள்ளையுடையது. இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் சாட்சி சொல்கிறேன் என்றும் சொல்லுங்கள். அது போதும்.

இனி உடம்பு. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, போன் சத்தம் கேட்டால் வயிறு கலங்குகிறது, முன்பு ஆசையாகச் செய்த கோடிங் இப்போது வெறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட் என்பதற்குச் சொன்ன மூன்று அடையாளங்கள் இதற்கு மிகவும் பக்கத்தில் வருகின்றன: தீராத களைப்பு, வேலையின் மேல் விலகல், என்னால் முடியாது என்ற எண்ணம். எனக்கு வேலை தெரியலையா என்ற உங்கள் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? வெட்கப்படாமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கையில் ஆஃபர் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்வேன். இதற்கு ஒரே விதிவிலக்கு உடம்பு. தூக்கம் அறவே போய்விட்டது, இருந்தென்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லுங்கள். பாண்டையும் மாமாவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை தேடுவதை இன்றைக்கே தொடங்குங்கள். மூன்று வருஷத்தில் எழுதிய மாட்யூல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். இ-இன்வாய்ஸ் இணைப்பு, வரி மாற்றம், ரிட்டர்ன், ஸ்டாக் என்று எழுத எழுத உங்களுக்கே தெம்பு வரும். வணிகமும் வரியும் தெரிந்த டெவலப்பருக்கு நல்ல தேவை இருக்கிறது. முதல் சுற்று இன்டர்வியூ எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம். கடைசிச் சுற்றுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும். ஏன் பழைய வேலையை விடுகிறீர்கள் என்று கேட்பார்கள். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பெரிய குழுவில் கோட் ரிவ்யூ, டெஸ்டிங் எல்லாம் முறையாக நடக்கிற இடத்தில் வேலை பழக வேண்டும் என்று சொல்லுங்கள். அது உண்மையும்தான். அவர்கள் ஏதாவது கேட்க இருக்கிறதா என்னும்போது நீங்கள் கேட்க வேண்டியது: "கடைசியா உங்க ப்ரொடக்‌ஷன்ல பெரிய பிரச்சின வந்தப்போ, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?" டெஸ்ட் கேஸ் சேர்த்தோம், அலர்ட் வைத்தோம், எல்லாரும் உட்கார்ந்து எழுதினோம் என்று பதில் வந்தால் நல்ல இடம். அந்தப் பையனை அனுப்பிவிட்டோம் என்று வந்தாலோ, எங்களுக்குப் பிரச்சினையே வந்ததில்லை என்று வந்தாலோ சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் யோசியுங்கள். என் டீமில் வாரக் கூட்டத்தை, அடுத்து எது உடையப் போகிறது என்ற கேள்வியோடுதான் தொடங்குவேன். முதல் கொஞ்ச நாள் யாரும் பேசவில்லை. ஒரு சின்னப் பிள்ளை பேக்கப் ரீஸ்டோர் ஆவதைச் சோதித்ததே இல்லை என்று சொன்னாள். அன்றைக்கே அவளைக் கூட வைத்துக்கொண்டு சோதித்தோம், ரீஸ்டோர் ஆகவில்லை. அவளுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொன்னேன். அதற்கடுத்த வாரம் பேச இடம் பத்தவில்லை.

ஆஃபர் கையில் வந்ததும் முதலாளியிடம் ஓடாதீர்கள். முதலில் அப்பா. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு நேரே போங்கள், போனில் வேண்டாம். முதலாளி வாயால் மாமாவுக்குச் செய்தி போவதற்குள் உங்கள் வாயால் போக வேண்டும். "மாமா, நீங்க வாங்கிக் கொடுத்த வேலையாலதான் இன்னைக்கு எனக்கு இந்த எடம் கெடச்சிருக்கு. அடுத்த மாசம் அங்க சேரப் போறேன். அவாள்ட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒங்கட்ட சொல்லணும்னு வந்தேன்" என்று சொல்லுங்கள். வசவுக் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அப்போதும் செப்டம்பர் சம்பவம் ஒன்று போதும். மரியாதை குறையாமல் முதலில் தன்னிடம் வந்தான் என்பது மாமாவுக்குப் பெரிது. நாளைக்கு முதலாளி குறை சொல்லும்போது உங்களுக்காக அவரே பேசுவார்.

ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள். நோட்டீஸ் காலத்தை முழுசாக வேலை பாருங்கள், ஒப்படைக்கும் வேலையை எழுத்தில் ஒப்படையுங்கள். ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பேன் என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் மூன்றும் நீங்கள் வேலை பார்த்ததற்குச் சாட்சி. உமங் என்ற அரசு ஆப்பில் மாசா மாசம் பி.எஃப். உண்மையிலேயே கட்டியிருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் என்.ஜி.ஓ. காலனியில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வேலையை விட்ட தேதியை அவர் பதியாவிட்டால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனதும் போர்ட்டலில் நீங்களே பதியலாம்.

சர்டிபிகேட் கேட்டு மெயில் போட்டுப் பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். நோட்டீஸ் வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன்.